தராசில் ஏறாத திமிங்கலம்

எனக்குக் கடல் உயிரியல் தெரியாது. படித்தது தமிழ் எம்.ஏ. ஆனால் சட்டமும் தீர்ப்பும் பிரதிகள்தானே. போர்ப் பயிற்சிக்கும் கடல் பாலூட்டிகளுக்கும் இடையே 'சமநிலை' காண்பதாகச் சொல்லும் அமெரிக்கப் பிரதிகளை அப்படித்தான் வாசித்தேன்.

2000 மார்ச்சில் பஹாமாஸ் கரைகளில் திமிங்கலம், டால்பின் என 17 உயிர்கள் ஒதுங்கின. நீர்மூழ்கிகளைத் தேடக் கப்பல்கள் நீருக்குள் செலுத்தும் சோனார் ஒலிதான் பெரும்பாலும் காரணம் என்று 2001 டிசம்பரில் கடற்படையும் ஒப்பமிட்ட அறிக்கை சொன்னது. சரி, ஒத்துக்கிட்டாங்க. அப்புறம்? 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்திலுள்ள 'தொந்தரவு' என்ற சொல்லின் பொருளை, இராணுவத் தயார்நிலைப் பணிகளுக்கென்று 2003இல் மாற்றி எழுதினார்கள். முன்பு, விலங்கின் இயல்பைக் குலைக்கக்கூடியது எல்லாமே தொந்தரவு. இப்போதோ, அது தன் நடத்தையைக் கைவிடும் அளவுக்கு, அல்லது பெரிதும் மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனால்தான் தொந்தரவு. கடலில் ஒலி குறையவில்லை. அகராதியில் குற்றம் குறைந்தது.

அடுத்து தெற்குக் கலிஃபோர்னியாக் கடலில் 14 பயிற்சிகள். சுமார் 1,70,000 தடவை விலங்குகளின் நடத்தை குலையும் என்றது கடற்படையின் சொந்த மதிப்பீடு. கீழ் நீதிமன்றம் ஆறு நிபந்தனைகள் விதித்தது. நான்கைக் கடற்படை ஏற்றது. எதிர்த்தது இரண்டை. அவற்றில் ஒன்று, 2,200 கெஜத்துக்குள் பாலூட்டி தென்பட்டால் சோனாரை நிறுத்த வேண்டும் என்பது. 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டையும் நீக்கியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் தராசில் ஒரு தட்டில் தேசப் பாதுகாப்பு. மறு தட்டில் திமிங்கலமா? இல்லை, திமிங்கலத்தை ஆராய்கிற, பார்த்து மகிழ்கிற மனிதர்களின் நலன். வலிப்பவனுக்கு வழக்கில் இடமில்லை. சூழல் அறிக்கையை முடிக்காமலே பயிற்சியைத் தொடங்கியது சரியா என்ற கேள்வி, நீதிபதி கின்ஸ்பர்க்கின் மாறுபட்ட தீர்ப்பில் தங்கிவிட்டது.

நீர்மூழ்கி பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. சத்தமில்லாத டீசல் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் எங்கே, எப்போது? கானரித் தீவுகளில் 2002 பயிற்சியின்போது திமிங்கலங்கள் கரையொதுங்கிச் செத்தன. 2004இல் ஸ்பெயின் அங்கே சோனாரைத் தடைசெய்தது. அதன்பின் அங்கே கூட்டமாகக் கரையொதுங்கல் நிகழவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2015இல் அமெரிக்கக் கடற்படையே ஹவாய், தெற்குக் கலிஃபோர்னியா கடல்களில் சில வாழிடங்களை விட்டு விலக ஒரு வழக்கில் உடன்பட்டது. முடியாது என்றது முடிந்திருக்கிறது.

ஆக, 'சமநிலை' என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டியது: தட்டில் எதை வைத்தீங்க, எதை வைக்காம விட்டீங்க?