ஈயம் நீங்கிய பிறகு

ஐதராபாத்தின் சௌமகல்லா அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானுக்கென உருவான 1912ஆம் ஆண்டு வண்டி. அது வந்து சேருமுன், 1911இலேயே, அவர் மறைந்துவிட்டார். அத்தகைய வண்டிகளில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் கூட்டவும் குறைக்கவும் செய்தார். விகிதம் சரிதானா என்பதற்கு எஞ்சினின் ஓசையும் ஸ்பார்க் பிளக்கின் நிறமுமே சான்று. பிளக் கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு எனில் சரி.

இந்த ஊகத்தை அளவாக மாற்றியது ஆக்சிஜன் உணரி. சிர்கோனியா பீங்கானின் ஒருபுறம் எஞ்சினின் கழிவு வாயுவும் மறுபுறம் வெளிக்காற்றும் இருக்க, இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். பாஷ் நிறுவனத்தின் இவ்வுணரி 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

ஆயினும் இந்தியப் பழங்கார்களுக்கு அது உடனே பயன்பட்டிருக்க இயலாது. 1923 முதல் உலகச் சந்தையில் பெட்ரோலுடன் சேர்க்கப்பட்டுவந்த ஈயம், உணரியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஈயமற்ற பெட்ரோல் 1995இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுக்கே முதலில் வந்தது. அப்பட்டியலில் ஐதராபாத் இல்லை. நாடு முழுவதும் ஈயம் விலக்கப்பட்டது 2000 பிப்ரவரியில்தான். அதன் பின்னரே, பழைய வண்டியின் புகைக்குழாயில் மரையுள்ள வளையமொன்றைப் பற்றவைத்து, அதில் உணரியைப் பொருத்தி, அளவுமானியைப் பார்த்துக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றும் முறை இங்கு நடைமுறைக்கு உகந்ததாயிற்று.

இன்று அதன் தேவை கூடியிருக்கிறது. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். எனவே, பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட், புதிய எரிபொருளில் ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்த கலவையையே தரும். அம்பாசிடரோ பத்மினியோ ஏறும்போது திணறும். கலவை மேலும் மெலிந்தால் வால்வு கருகவும் கூடும். பல கார்களின் கையேடுகள் கூறும் ஜெட் எண்கள் அவற்றின் காலத்துப் பெட்ரோலுக்கு உரியவை; இன்றைய பெட்ரோலுக்கு உரிய எண்ணைப் புகைக்குழாயிலேயே அளந்தறிய வேண்டும்.