உங்கள் வீட்டுக் கம்போஸ்ட் பெட்டியின் சொந்த ஊர் எது?

பிரித்தானியாவில் வீடுகளின் பின்வளவுகளை எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் வேலி ஓரமாக, கவிழ்த்து வைத்த பெரிய வாளி மாதிரி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி நிற்கும். வாழைப்பழத் தோல், கரட் சீவல், தேயிலைச் சக்கை, வெட்டிய புல் எல்லாம் அதற்குள் போகும். சில மாதங்களில் அவை கறுத்த, மண் மணக்கும் எருவாக வெளியே வரும். அந்த எருவில்தான் அம்மாவின் தக்காளியும் போஞ்சியும் வெந்தயக்கீரையும் வளரும்.

இந்தப் பெட்டியைப் பற்றி நமக்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பது ஒன்று: சுற்றுச்சூழலில் அக்கறையுள்ள மேற்கு நாட்டவர் கண்டுபிடித்த புது வழி இது. கலியாண வீட்டில் ஒரு மாமா சொல்வது மற்றது: "இதெல்லாம் நாங்கள் ஆயிரம் வருசத்துக்கு முதலே செய்ததுதான். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய்த் தன்னுடையது என்கிறான்."

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நடந்தது இரண்டையும் விடச் சுவையானது. அதில் பீகார் விவசாயிகள் வருகிறார்கள், பருத்தி வருகிறது, நீலகிரியில் சில எலிகள்கூட வருகின்றன.

விவசாயியிடம் படித்த அதிகாரி

அல்பேர்ட் ஹவார்ட் 1873இல் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தபின், மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்களைத் தாக்கும் பூஞ்சண நோய்களை ஆராய்ந்தார். அங்கே ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு தோட்டக்காரருக்கு அவர் ஆலோசனை சொல்லவேண்டும். ஆனால் அந்த ஆலோசனையைத் தானே நட்டுப் பார்க்க அவருக்கு நிலம் இல்லை.

1905இல் பிரித்தானிய இந்திய அரசு அவரைப் பீகாரில் உள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது. அங்கே அவருக்குச் சுமார் 75 ஏக்கர் கிடைத்தது. நல்ல விவசாயத்தை இந்தியர்களுக்குக் காட்டுவதுதான் அவருடைய வேலை. ஆனால் அவர் கண்டது வேறு. பூசாவைச் சுற்றியிருந்த சாதாரண விவசாயிகள் பூச்சிமருந்தே அடிக்கவில்லை. இருந்தும் அவர்களுடைய பயிர்கள் நோய் இல்லாமல் நின்றன.

ஆகவே அவர் அவர்களைக் கவனிக்கத் தொடங்கினார். அந்த விவசாயிகளும் பயிரைத் தாக்கும் பூச்சிகளுமே தனக்குப் பேராசிரியர்கள் என்று பிற்பாடு எழுதினார். பூச்சி எப்படிப் பேராசிரியர் ஆகும்? பூச்சி ஒரு செடியைப் பலமாகத் தாக்கினால், அந்தச் செடி வளரும் முறையிலோ மண்ணிலோ ஏதோ பிழை இருக்கிறது. பூச்சி அதைக் காட்டித்தருகிறது என்பது அவருடைய எண்ணம்.

விவசாயிகள் செய்தவற்றில் ஒன்று, தானியத்தோடு பருப்பு வகைகளைக் கலந்து விதைப்பது. பருப்புச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள், காற்றில் உள்ள நைதரசனைச் செடிக்கு உதவும் உணவாக மாற்றுகின்றன. ஐரோப்பிய விஞ்ஞானம் இதை நிரூபித்தது 1880களில்தான். விவசாயிக்குப் பற்றீரியா பற்றித் தெரியாது. எதை எதோடு சேர்த்து விதைத்தால் நிலம் களைக்காது என்று தெரியும்.

இந்த வேலையை ஹவார்ட் தனியாகச் செய்யவில்லை. அவருடைய மனைவி கேப்ரியலும் கேம்பிரிட்ஜில் படித்த தாவர விஞ்ஞானி. பூசாவின் புகழ்பெற்ற கோதுமை இனங்களில் இருவரின் உழைப்பும் இருக்கிறது. கேப்ரியல் 1930இல் இறந்துபோனார். கணவருக்கு 1934இல் "சேர்" பட்டம் கிடைத்தது. இன்று தோட்டக்கலைப் புத்தகங்களில் பெரும்பாலும் கணவரின் பெயர் மட்டும்தான் வரும்.

பருத்தியிலிருந்து வந்த எரு

1924இல் ஹவார்ட் தம்பதியர் மத்திய இந்தியாவின் இந்தூருக்குப் போனார்கள். அங்கே 300 ஏக்கரில் ஒரு புதிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானது இந்திய மத்திய பருத்திக் குழு. அதாவது, அந்த நிலையம் பூமியைக் காப்பாற்றவென்று கட்டப்பட்டது அல்ல. அதிகப் பருத்தி விளைய வேண்டும் என்பதே நோக்கம்.

பருத்திக்கு நல்ல எரு வேண்டும். இங்கேதான் "எல்லாம் நாங்கள் அப்பவே செய்ததுதான்" என்ற கதை கொஞ்சம் இடறுகிறது. மாட்டுச்சாணம் நல்ல எரு என்பது இந்திய விவசாயிக்குத் தெரியும். ஆனால் விறகு குறைவு. அதனால் சாணத்தில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்புக்குப் போனது, வயலுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. இன்னொரு பக்கம் பருத்தித் தண்டு, களை, சருகு எல்லாம் வீணாகக் கிடந்தன. இருக்கிற கொஞ்சச் சாணத்தையும் இந்தக் கழிவையும் சேர்த்து எப்படி நிறைய எரு செய்வது? இதுதான் கேள்வி.

சீன விவசாயிகள் பல நூற்றாண்டுகளாக இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். அமெரிக்க மண் விஞ்ஞானி எஃப். எச். கிங் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய புத்தகம் 1911இல் வெளிவந்தது. ஹவார்ட் அதைப் படித்திருந்தார். சீனர்களின் அனுபவம், இந்திய விவசாயிகளின் பழக்கம், தன் ஆய்வுகூடத்தின் அளவீடு மூன்றையும் அவர் ஒன்றாக்கினார்.

வழி இதுதான். கடினமான பருத்தித் தண்டுகளைப் பண்ணைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் நசுக்க விட்டார்கள். நசுங்கிய தண்டை மற்றக் கழிவுகளோடு கலந்து மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டார்கள். பிறகு சாணமும், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணும், விறகுச் சாம்பலும் சேர்த்து, ஆழமில்லாத குழிகளில் நிரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். குவியல் உள்ளே 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடாகும். இரண்டு கிழமையில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, இரண்டு மாதத்தில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். மூன்று மாதத்தில் எரு தயார். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நிற்கும் என்பதால் நிலத்துக்கு மேலே குவித்தார்கள்.

புரட்டுவது எதற்கு? கழிவை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். காற்று இல்லாமல் போனால் வேறு வகை உயிர்கள் பெருகி நாற்றம் வரும். உங்கள் கம்போஸ்ட் பெட்டி நாறினால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இந்த முறைக்கு "இந்தூர் முறை" என்று ஊரின் பெயரையே வைத்தார்கள். 1931இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. எழுதியவர்கள் இருவர்: அல்பேர்ட் ஹவார்ட், யஷ்வந்த் வாட். வாட், இந்தூர் நிலையத்தின் விவசாய இரசாயனப் பிரிவில் தலைமை உதவியாளர். புத்தகத்தில் அவருடைய பெயரும் அச்சாகியிருந்தது. ஆனால் "ஓர்கானிக் விவசாயத்தின் தந்தை" என்று பின்னால் வந்தவர்கள் சொன்னபோது ஒருவரைத்தான் சொன்னார்கள். குழிகளை நிரப்பிப் புரட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் அட்டையில் வரவே இல்லை.

குன்னூர் எலிகள்

அதே காலத்தில், நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் றொபேட் மக்கரிசன் என்ற இராணுவ வைத்தியர் உணவு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுகிற மாதிரியே சாப்பாடு கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, மரக்கறி சாப்பிட்ட வடமேற்குக் குழு நன்றாக வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணக் குழு கடைசி வரிசையில் நின்றது. வெள்ளைப் பாண், மாஜரின், ஜாம், டின் இறைச்சி, சீனி போட்ட தேநீர் என்று ஏழை ஆங்கிலேயரின் சாப்பாட்டை உண்ட எலிகளும் நோஞ்சானாகத்தான் இருந்தன. இதைக் கேட்டு மாமாவும் பெருமைப்பட முடியாது, பள்ளிக்கூடமும் பெருமைப்பட முடியாது.

மக்கரிசன் இன்னொன்றும் செய்தார். கோயம்புத்தூரில், ஒரே பயிரை மாட்டெருவிலும் இரசாயனப் பசளையிலும் தனித்தனியாக வளர்த்து ஒப்பிடும் வயல்கள் இருந்தன. மாட்டெருவில் விளைந்த தானியத்துக்குச் சத்து அதிகம் என்று 1926இல் அவர் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே குரலில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் "மண் நன்றாக இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கும், சாப்பாடு நன்றாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கும்" என்ற எண்ணத்துக்குக் குன்னூர் ஒரு பெரிய ஆதாரமாகிவிட்டது.

பின்வளவுக்கு வந்த வழி

இந்தூர் முறை 1930களில் கென்யாவின் கோப்பித் தோட்டங்களுக்கும், இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பரவியது. இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்ட வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். அங்கே குவியலைக் கட்டியதும் புரட்டியதும் யாருடைய கைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1940இல் ஹவார்ட் தன் அனுபவத்தை ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். "ஓர்கானிக்" விவசாயம் என்ற பெயரும் அதே ஆண்டில்தான் நோர்த்போர்ன் பிரபு எழுதிய ஒரு புத்தகத்தில் வந்தது. அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேல் என்ற பதிப்பாளர் ஹவார்டைப் படித்துவிட்டு 1942இல் ஓர்கானிக் விவசாயத்துக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். இங்கிலாந்தில் ஈவ் பல்ஃபர் என்ற பெண் விவசாயி, ஹவார்டையும் மக்கரிசனையும் எடுத்துக்காட்டி 1943இல் ஒரு புத்தகம் எழுதினார். 1946இல் மண் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். இன்று பிரித்தானியாவில் ஓர்கானிக் உணவுக்குச் சான்றிதழ் கொடுக்கும் முக்கியமான அமைப்பு அதுதான்.

அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உணவு வருவது குறைந்ததால், வீட்டு முற்றத்திலும் அலொட்மென்ட் துண்டுகளிலும் மரக்கறி வளர்க்கும்படி பிரித்தானிய அரசு மக்களிடம் கேட்டது. மக்களும் வளர்த்தார்கள். ஆனால் 1942இல் அரசு அவர்களுக்குக் கொண்டுவந்தது "நஷனல் குரோமோர்" என்ற இரசாயனப் பசளை. ஆகவே வீட்டுத்தோட்டம் என்றாலே ஓர்கானிக் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. ஹவார்டும் பல்ஃபரும் சொன்னது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அது சாதாரண விஷயமாகப் பல பத்தாண்டுகள் எடுத்தன.

அப்படியென்றால் இது யாருடையது?

ஹவார்ட் திருடினாரா? இல்லை. யாரிடம் படித்தேன் என்று அவரே எழுதி வைத்தார். அளந்து, நேரம் குறித்து, எவரும் செய்யக்கூடிய முறையாக மாற்றியது அவருடைய குழுவின் வேலை. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் எழுதி வைத்தவரின் பெயர் தங்கியது, சொல்லிக்கொடுத்தவரின் பெயர் போனது. பீகார் விவசாயிகள் கடைசிவரை "விவசாயிகள்" என்ற ஒரு சொல்லாகவே இருந்துவிட்டார்கள்.

நம் வீடுகளிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர்கள் பனையோலையையும் பூவரசங்குழையையும் மண்ணுக்குள் தாட்டார்கள். பயிர் வைக்கமுதல் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். எந்தக் குழை, எவ்வளவு, எந்த மாதம் என்பதெல்லாம் உங்கள் அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு ஒரு ஹவார்ட் வரப்போவதில்லை. ஆனால் உங்கள் கையில் ஒரு கைபேசி இருக்கிறது. கேட்டுப் பதிவு செய்யுங்கள். சொன்னவரின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மறக்காமல் போடுங்கள்.

இந்தூர் முறையையும் நீங்களே செய்து பார்க்கலாம். காய்ந்த இலை, கிழித்த கடதாசிப்பெட்டி போன்றவற்றை ஆறு அங்குல உயரம் பரப்புங்கள். அதன்மேல் இரண்டு அங்குலம் எரு. மாட்டெரு கிடைக்காவிட்டால் கோழி எருவோ, வெட்டிய புல்லும் சமையலறை மரக்கறிக் கழிவுமோ போதும். மேலே ஒரு கைப்பிடி மண். இப்படியே அடுக்குங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்கட்டும். இறைச்சி, மீன், சமைத்த சோறு கறி போடவேண்டாம். நீங்கள் கூப்பிடாத எலிகள் வரும். பெட்டி சிறியது, இங்கே குளிரும் அதிகம் என்பதால் மூன்று மாதம் ஆறு மாதமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மாசியில் தொடங்கினால் ஆவணிக்குள் பெரும்பாலும் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்கும்.

யாராவது "இது என்ன முறை?" என்று கேட்டால் "இந்தூர்" என்று சொல்லுங்கள். மேலும் கேட்டால் யஷ்வந்த் வாட்டின் பெயரையும் கேப்ரியலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.