பேனா வலி, மட்டைப் பெயர்

1873. பெர்லினில் வெளிவந்த மருத்துவ வார இதழ் ஒன்றில், எழுதி எழுதியே கை முடங்கிப்போகும் வியாதியைப் பற்றி ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். விரலில் இருக்க வேண்டிய வலி, முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் குடியிருந்ததைக் கண்டு சொன்னார். தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அந்தப் பெயர் கடலுக்கு அப்பால் ஒரு பெட்டிக்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் மேஜர் வால்டர் விங்ஃபீல்ட். வலை, மட்டை, பந்து எல்லாம் ஒரே பெட்டியில். 1874-ல் இங்கிலாந்தில் காப்புரிமையும் வாங்கிவிட்டார். புல்தரையிலும் துள்ளும் ரப்பர் பந்துதான் வியாபார ரகசியம். ஆட்டத்துக்கு அவர் சூட்டிய கிரேக்கப் பெயர் 'ஸ்ஃபைரிஸ்டிகே'. யார் வாயிலும் நுழையவில்லை. 'லான் டென்னிஸ்' என்பதே நிலைத்தது. 1877-ல் விம்பிள்டன் போட்டியும் தொடங்கியது. கூடவே கனவான்களின் முழங்கைகளும் வலிக்கத் தொடங்கின.

1882-ல் 'லான்செட்' இதழில் குதிரைச் சவாரிக்காரர்களின் சுளுக்கைப் பற்றி எழுதிய மாரிஸ் என்ற மருத்துவர், போகிறபோக்கில் 'லான் டென்னிஸ் கை' என்றார். மறு ஆண்டே இன்னொரு மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கையை முழங்கையாகச் சுருக்கினார். அவர் பெயர் மேஜர்! ஆட்டத்தைத் தந்தவருக்கு அது பதவி, வியாதிக்குப் பெயர் தந்தவருக்குக் குடும்பப் பெயர். பேனாவிடம் பிறந்த வலி இப்படித்தான் 'டென்னிஸ் எல்போ' ஆனது.

ஈரத்துணி பிழியும்போது, கதவுக் குமிழைத் திருகும்போது, காபி டம்ளரைத் தூக்கும்போதுகூடச் சுரீர் என்று இழுக்கும்; பிடியும் தளரும். மட்டையையே தொடாதவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அழற்சிதான் காரணம் என்று நம்பிய மருத்துவர்கள் 1950களிலிருந்து ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி சட்டென்று ஓடியது. சில மாதங்களில் பலருக்குத் திரும்பி வந்தது.

ஏன்? விடை தெரியாமலே 1971-ல் ஃப்ராய்ம்சன் என்ற அமெரிக்க மருத்துவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, தசைநாரின் மேல் விழும் இழுப்பைக் குறைத்துப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் இன்று தொங்குகிற பட்டைக்கு அதுதான் மூதாதை. விடை கிடைத்ததோ 1979-ல், நிர்ஷ்ல் என்ற அறுவை மருத்துவரின் மேசையில். அவர் பார்த்த 1,213 முழங்கைகளில் கத்தி வைத்தது 88-ல் மட்டும். மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசையின் நார் வெட்டப்பட்டு மைக்ராஸ்கோப்பின் கீழ் போனது. அழற்சி அணுக்களைத் தேடினால் காணோம்! இருந்தது, கிழிந்து கிழிந்து அரைகுறையாய் ஆறிய நார். அணைக்கத் தீயே இல்லாத இடத்தில் இத்தனை காலம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

2004-ல் டெண்டுல்கரின் இடது முழங்கை இந்தப் பெயரை நம் வீட்டுக்கூடம் வரை கொண்டுவந்தது. மட்டை உண்டு, டென்னிஸ்தான் இல்லை. மறு ஆண்டு லண்டனில் அறுவை சிகிச்சை.

அதற்கும் மறு ஆண்டு ஊசியின் கணக்கு தீர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 198 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஊசி, பிசியோதெரபி, வெறும் அறிவுரையோடு காத்திருப்பு. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள்தான் முன்னணி. 52 வாரம் முடிந்தபோது பிசியோதெரபிக்குப் போனவர்களும் பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேறியிருந்தார்கள். ஊசிக்காரர்கள் கடைசியில்.