சிலிண்டர் பவர்

வாழப்பாடி கடைவீதியில் கண்ணாடிக் கடைக்காரர் "உங்களுக்கு சிலிண்டர் பவருங்க" என்றால் யாரும் சமையல் கேஸை நினைப்பதில்லை. மருந்தின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்ட கதை அது.

1825இல் ஜார்ஜ் ஏரி, பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனவர், தம் இடது கண்ணுக்கு ஒளிப்புள்ளி கோடாக நீண்டு தெரிவதை ஆராய்ந்து சொன்னார். கண்ணின் வளைவு ஒரு திசையில் கூடியும் குறுக்கே குறைந்தும் இருந்தால் ஒளி ஓரிடத்தில் குவியாது. உருளையாக, அதாவது சிலிண்டராகக் கடைந்த வில்லை அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் என்று கணக்கிட்டு, இப்ஸ்விச் ஊரில் புல்லர் என்பவரிடம் செய்து வாங்கினார். குறைக்குப் பெயர் தந்தவர், ஏரியைப் போலவே கேம்பிரிட்ஜ்காரரான வில்லியம் ஹியூவெல். கிரேக்கத்தில் 'ஸ்டிக்மா' புள்ளி, அஸ்டிக்மாடிசம், புள்ளியின்மை. 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லும் அவர் வார்த்ததே. அது உலகெல்லாம் போனது. அஸ்டிக்மாடிசம் டாக்டர்களோடு நின்றது. எழுத்துத் தமிழின் 'சிதறல் பார்வை'யும் கடையேறவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. சிலிண்டர் என்றால் என்ன கண்ணாடி வேண்டும் என்றாவது தெரிகிறது.

கெரட்டோகோனஸ் வந்த கண்ணில்தான் இந்தப் பெயர் தோற்றுப்போகிறது. இதுவும் கிரேக்கம்தான்: கெராஸ் கொம்பு, கோனஸ் கூம்பு. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி, கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும். வளைவே கோணலாகிவிடுவதால் சிலிண்டர் எண் ஏறிக்கொண்டே போகும், பார்வை தெளியாது. அப்போது கைகொடுப்பது கடினக் கான்டாக்ட் லென்ஸ். அதன் அடியில் தேங்கும் கண்ணீர் மேடுபள்ளத்தை நிரவிவிடும்.

அதே கண்ணில் வயதான காலத்தில் புரை விழுந்தால் சிலிண்டர் மறுபடி வரும், இம்முறை கண்ணுக்குள்ளேயே வைக்கும் 'டோரிக்' லென்ஸாக. வளைவு ஓரளவு சீராகவும் பல வருடம் மாறாமலும் இருந்தால் உதவும். ஆபரேஷனுக்குப் பிறகும் கடின லென்ஸ் போடப்போகிறவருக்கோ வம்பு: வெளி லென்ஸ் கருவிழிக் கோணலை மறைத்துவிட, உள்ளே வைத்த சிலிண்டர் புதுக் கோணலாக மிஞ்சும். அவருக்குச் சாதா லென்ஸே மேல்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் 1992இல் தொடங்கியபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை இறங்கியது. கூம்புக் கண்ணுக்குப் பவர் கணக்கிடுவது மட்டும் இன்றும் கடினம். வழக்கமான சூத்திரத்தை நம்பினால் ப்ளஸ் பவர் மிச்சம் நிற்கும். கடின லென்ஸ் போடுகிறவர் அளவெடுப்பதற்குச் சில வாரம் முன்பே அதைக் கழற்றிவைக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி தன் வடிவத்துக்குத் திரும்புமுன் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை.