உறுதியில் ஒரு பங்கு

மலருக்கு ஏதாவது வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாரும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் 2008இல் உயர்தரம் எழுதியதோடு படிப்பை விட்டவன். இப்போது தொழிற்சாலையில் மூன்று சிப்ட் வேலை. ஆனால் வீடு வாங்கவென்று ஒரு வருடம் அலைந்ததில் கொஞ்ச வரலாறு தானாகவே வந்து சேர்ந்தது. அதை உங்களோடு பகிர்கிறேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று றூர் பகுதியின் பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டில் பாதி. பின்னால் நீட்டு வளவு. மற்றது தொடர்மாடியில் மூன்றாம் மாடி. எனக்கு மண் உள்ள வீடுதான் வேணும். காரணம் உண்டு. எங்கட காணி வலிகாமம் வடக்கில். 1990இல் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. காணி பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 1995 ஒக்ரோபர் கடைசியில் சனமெல்லாம் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஐயா உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த வீட்டை நான் உறுதியில் வாசித்துத்தான் அறிவேன்.

மனிசி ஒரே வார்த்தையில் கேட்டாள்: "இரவு வேலை முடிஞ்சு வந்து நீங்கள் எந்த நேரம் புல்லு வெட்டப் போறியள்?"

முதலில் சுரங்க வீட்டின் கதையைப் பார்ப்போம். ஓபர்ஹவுசனில் ஐசன்ஹைம் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. றூர் பகுதியில் இதுதான் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பு. இரும்பாலைத் தொழிலாளருக்காக 1846இல் கட்டத் தொடங்கினார்கள். பிறகு நிலக்கரிக்கு ஆள் போதாமல் கிழக்குப் பிரசியா, போலந்துப் பக்கமிருந்து சனத்தைக் கூட்டி வந்தபோது, இப்படியான குடியிருப்புகள் எங்கும் எழும்பின. தோட்டமும் ஆட்டுக் கொட்டிலும் கொடுத்தார்கள். ஆட்டைச் 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்றே சொல்வார்களாம். ஆனால் வீடு கொம்பனியுடையது. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தத்துக்குப் போகிறவன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். 1970களில் ஐசன்ஹைமை இடிக்க வெளிக்கிட்டபோது குடியிருந்தவர்களே போராடிக் காப்பாற்றினார்கள். 2018இல் பொட்றொப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. அந்த வகை வீடுகள் பல இன்று தனியாருக்கு விலைப்பட்டிருக்கின்றன.

தொடர்மாடி வீட்டின் கதை வேறு. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சிவில் சட்டத்தின்படி, நிலம் யாருக்கோ கட்டடமும் அவருக்கே. ஒரு மாடியை மட்டும் புதிதாக ஒருவர் சொந்தமாக்க இயலாது. இரண்டாம் உலகப்போரில் நகரங்கள் தரைமட்டமாகின. கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட சனமும் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் பெரும் பஞ்சம். அப்போதுதான் 1951இல் தொடர்மாடி வீட்டுச் சொத்துரிமைச் சட்டம் வந்தது. சுவருக்குள் இருப்பது உம்முடையது. கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், நிலம் எல்லாம் பொதுச்சொத்து. உம்முடைய பங்கை ஆயிரத்தில் இத்தனை என்று பெரும்பாலும் எழுதுவார்கள். ஆக, இந்தச் சட்டம் வர ஒரு காரணம், எங்களைப்போல வீடிழந்த அகதிகள்.

இதை வாசித்தபோது எனக்கு ஐயாவின் உறுதி ஞாபகம் வந்தது. அதில் 'கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என்று இருக்கிறது. பங்குக் கிணறு எங்களுக்குப் புதிதா? கிணறு இறைக்க எல்லாரும் காசு போடவேண்டும். ஒருவர் போடாவிட்டால் சண்டை. தொடர்மாடியிலும் அதேதான். மாதாமாதம் பொதுச்செலவுக்குக் கட்டவேண்டும். வருடக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கூரை பழுதென்றால் எல்லாரும் பங்கு.

ஆகவே வாங்க நினைக்கும் எம்மவர்கள் கவனிக்க வேண்டியவை: தொடர்மாடி என்றால் கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும் திருத்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேளுங்கோ. சுரங்கப் பகுதியில் தனிவீடு என்றால் காணிப் பதிவேட்டை வடிவாகப் பாருங்கோ. நிலம் தாழ்ந்து சுவர் வெடித்தாலும் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று பழைய சொந்தக்காரர் எழுதிக் கொடுத்திருக்கலாம். நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்தால்தான் விற்பனை செல்லும். எங்கள் மாநிலத்தில் 2015இலிருந்து வாங்கும் வரி மட்டும் நூற்றுக்கு ஆறரை.

நாங்கள் பார்த்த தனிவீட்டில் அந்த நட்டஈட்டு விலக்கு எழுதியிருந்தது. கூரையும் பழசு. தொடர்மாடியில் கூரை புதிசு, நிதியும் இருந்தது. மனம் வளவில்தான் நின்றது. ஆனாலும் இருபத்தைந்து வருடக் கடனை மனத்தால் கட்ட ஏலாது. மூன்றாம் மாடியை வாங்கினோம். தோட்டத்துக்காக, நகரத்துச் சிறுதோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இங்கே வீடு வாங்கினால் ஊரை விட்டதாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் ஐயாவுக்கு போன் எடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, பொதுவில உனக்கு எத்தினை பங்கு?"

"ஆயிரத்தில நாப்பத்திரண்டு, ஐயா."

"அப்ப கூட்டங்களுக்குத் தவறாமல் போ" என்றார்.

ஊர் உறுதியின் பிரதியும் இந்த வீட்டு உறுதியும் இப்போது ஒரே பைலுக்குள் இருக்கின்றன. இரண்டையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.