மதியிறுக்கம் உள்ள பிள்ளைக்குச் சத்து மாத்திரை: எப்போது உதவும், எப்போது உதவாது?

"இந்த மீன் எண்ணெயைக் குடுத்துப் பாருங்க, மூணு மாசத்துல பிள்ளை பேசும்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு தகவல் உங்களுக்கும் வந்திருக்கலாம். கூடவே ஒரு புட்டியின் படம். லேபிளில் எல்லாம் ஆங்கிலம். வீட்டில் பெரியவர்கள் விளக்கம் கேட்பது பெரும்பாலும் உங்களிடம்தான்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய 150 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் எனும் மதியிறுக்கம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதனால் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

மாத்திரை மதியிறுக்கத்தைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. மதியிறுக்கம், ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு இரண்டும் மூளை வளரும் விதத்தோடு தொடர்புடையவை. அவற்றைப் போக்கும் விட்டமின் எதுவும் இல்லை.

• மீன் எண்ணெய்: ஏடிஎச்டி சிகிச்சைக்காக ஒமேகா-3 கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது.

• கோதுமை, பால் தவிர்ப்பு: மதியிறுக்கத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு இதைச் சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் அதே அமைப்பு சொன்னது.

• விட்டமின் பி6, மெக்னீசியம்: பல காலமாகப் பேசப்படும் ஜோடி. பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படின்னா தேவையே இல்லையா?

சில பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகத் தேவை. மதியிறுக்கம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உணவின் வாசம், நிறம், மென்மை எல்லாமே பெரிய விஷயம். வெள்ளைச் சோறும் நகெட்டும் மட்டுமே சாப்பிடும் பிள்ளையை நீங்களும் பார்த்திருக்கலாம். அது வெறும் அடம் இல்லை.

அதனால் இரும்புச்சத்து, விட்டமின் டி போன்றவை குறையலாம். விட்டமின் சி இல்லாமல் ஈறில் ரத்தம் கசிந்து, கால் வலித்து, நடக்க முடியாமல் போன பிள்ளைகள் உண்டு. விட்டமின் ஏ குறைந்து பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு வரும், தூக்கம் கெடும், கவனம் சிதறும். குறையைச் சரிசெய்தால் பிள்ளை நன்றாகத் தூங்கலாம், தெம்பாக இருக்கலாம். "மாத்திரையால மதியிறுக்கம் குறைஞ்சிடுச்சு" என்று சிலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உண்மையில் சரியானது சத்துக்குறைவுதான்.

சத்துதானே, என்ன ஆகிடும்?

அளவு மீறினால் ஆபத்து.

• விட்டமின் ஏ உடலில் தங்கும். அதிகமானால் கல்லீரல் கெடும், மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

• பி6 நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் நரம்பு பாதிக்கப்பட்டு கை, கால் மரத்துப்போகும்.

• மிட்டாய் போல இருக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சிறு பிள்ளைகள் அள்ளிச் சாப்பிட்டால் உயிரே போகலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

"உடலில் உள்ள உலோகத்தை வெளியேற்றுகிறோம்" என்று விற்கப்படும் சிகிச்சையை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். 2005இல் அமெரிக்காவில் மதியிறுக்கம் உள்ள 5 வயதுச் சிறுவன் அத்தகைய சிகிச்சையின்போது உயிரிழந்தான்.

கடையில் விற்கிறார்களே?

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பொருள் பாதுகாப்பாக இருப்பதை விற்பவர்தான் உறுதிசெய்ய வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. லேபிளிலோ இணையத்திலோ அப்படி ஒரு வாக்குறுதி இருந்தால் அதுவே எச்சரிக்கை.

முதலில் என்ன செய்வது?

• பிள்ளை மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதிவையுங்கள்.

• வீட்டில் கொடுக்கும் எல்லாப் புட்டிகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற மருந்துகளோடு அவை ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

• ரத்தப் பரிசோதனை தேவையா, உணவியல் நிபுணரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பலதுறை மருந்தக மருத்துவர் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தரலாம். இரண்டிலும் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் பிரிவுகள் உள்ளன.

புட்டியை நம்பி மூன்று மாதம் காத்திருப்பதில் பணம் மட்டும் போவதில்லை. பேச்சுப் பயிற்சியைத் தொடங்கியிருக்க வேண்டிய மாதங்களும் போய்விடும். சின்ன வயதில் அந்த மாதங்கள் ரொம்ப முக்கியம்.