பாய்மரங்களின் போர்: இரு மொழிகள் உரைக்கும் ஒரு வரலாறு

போர்களுக்கு அவை நிகழ்ந்த இடத்தின் பெயர் அமைவதே பெருவழக்கு. கிறித்தவப் பைசாந்தியப் பேரரசின் கடற்படையும் இசுலாமிய அரபுக் கடற்படையும் கி.பி. 655-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கியின் தென்கரையான லிசியாவை அடுத்துப் பொருதன. அப்போரை அரபு வரலாற்றாசிரியர்கள் 'தாத் அஸ்ஸவாரி' என வழங்கினர். 'ஸவாரி' என்பது பாய்மரங்கள். பழந்தமிழ் இலக்கியம் 'கூம்பு' எனச் சுட்டும் உறுப்பு அது. 'பாய்மரங்களை உடையது' என்பது தொடரின் பொருள். நெருங்கி நின்ற கலங்களின் பாய்மரங்களே பெயர்க் காரணம் என்பர். இடப்பெயர் என்பாரும் உளர்.

அரபுக் கடற்படை அன்று மிகப் புதியது. அதனை அமைக்கச் சிரியாவின் ஆளுநர் முஆவியா இசைவு கேட்டபோது கலீஃபா உமர் மறுத்தார் என்பது மரபு. அடுத்துவந்த உதுமான் இசைந்தார். 649-இல் சைப்பிரசுத் தீவு தாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பேரரசின் கடற்படையையே எதிர்கொள்ளும் வலிமை வாய்த்தது எவ்வாறு? புதிதாகக் கைவந்த எகிப்து, சிரியாக் கரைகளில் கப்பல் கட்டும் துறைகளும் தொழில் தேர்ந்தோரும் முன்னரே இருந்தனர். கலம் கட்டியோரிலும் செலுத்தியோரிலும் எகிப்தின் காப்டிக் கிறித்தவர் பலர். ஆகவே 'கிறித்தவர் ஒருபுறம், முசுலிம்கள் மறுபுறம்' என வகுப்பறையில் நாம் எளிதாகக் கூறும் தொடர் ஆட்சியாளர்க்குப் பொருந்தும். துடுப்பு வலித்தவர்க்குப் பொருந்தாது.

அரபு மரபின்படி, எகிப்தின் ஆளுநர் அப்துல்லா இப்னு சஅத் படைத்தலைமை ஏற்றார். பைசாந்தியப் படையைப் பேரரசர் இரண்டாம் கான்சுடன்சு நேரில் நடத்தினார். கலங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட, வீரர்கள் வாளும் குத்துவாளும் ஏந்தித் தரைப்போர் போலவே பொருதனர் என்பது அரபு நூல்கள் தரும் செய்தி. பைசாந்தியக் கடற்படை முறியடிக்கப்பட்டது. பேரரசர் தம் உடையை வேறொருவருக்கு அணிவித்துவிட்டுத் தப்பினார் என்று, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கிரேக்க மொழியில் எழுதிய தியோபனிசு குறிக்கிறார்.

அவர் கூறும் மற்றொரு செய்தி மொழியியல் மாணவர்க்கு உரியது. போருக்கு முந்தைய இரவில், தாம் தெசலோனிக்கே நகரில் இருப்பதாகப் பேரரசர் கனாக் கண்டாராம். கனவுக்குப் பொருள் சொன்னவர் நகரின் பெயரைத் 'தெஸ் அல்லோ நிக்கேன்' எனப் பிரித்தார். 'வெற்றியைப் பிறனுக்கு அளி' என்பது அதன் பொருள். உண்மையில் அந்நகர் மகா அலெக்சாந்தரின் உடன்பிறந்தாள் ஒருத்தியின் பெயர் தாங்கியது; தெசலி நாட்டில் பெற்ற வெற்றியை அவள் பெயர் குறிக்கும். வெற்றியைக் குறித்த சொல் தோல்விக்குச் சான்றாக மாற்றப்பட்டது.

இதனைப் பொய்க்கதை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் நாம் கேட்கவேண்டிய வினா, இக்கதை யாருக்குத் தேவைப்பட்டது என்பதே. பேரரசர் கலங்களை முறையாக அணிவகுக்கவில்லை என்று அதே தியோபனிசு எழுதுகிறார். ஒரே நூலில் தோல்விக்கு இரு காரணங்கள் உள்ளன: ஒன்று ஊழ், மற்றொன்று பிழை. சொற்பிரிப்பு போர் நிகழ்ந்த விதத்தை நமக்குக் காட்டாது. தோற்றோர் அத்தோல்வியை எவ்வாறு தாங்கிக்கொண்டனர் என்பதைக் காட்டும்.

வென்றோராலும் அவ்வெற்றியை உடனே தொடர இயலவில்லை. 656-இல் உதுமான் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஆயினும் மத்தியதரைக் கடல் பைசாந்தியரின் தனியுடைமையாக இருந்த காலம் முடிந்தது. பின்னைய நூற்றாண்டுகளில் கடல்வழிக் கலப்பு மொழியிலும் பதிந்தது. ஆங்கிலத்தின் 'அட்மிரல்' அரபு 'அமீர்' என்பதினின்றும், 'ஆர்சனல்' அரபு 'தார் அஸ்ஸினாஆ', அதாவது தொழிற்கூடம் என்பதினின்றும் வந்தவை. கிறித்தவ ஐரோப்பா தன் கடற்படைத் தலைவனுக்கும் கப்பல் கட்டும் களத்துக்கும் எதிரணியின் மொழியிலிருந்தே பெயர் பெற்றது.

சமயங்களின் மோதலாக மட்டும் இப்போரைக் கற்பித்தால், காப்டிக் மாலுமியும் மறைவார், கடன்பெற்ற சொற்களும் மறையும். பல சமயத்து மாணவர் ஒரே வகுப்பில் அமரும் நம் நாட்டில், அவ்விரண்டையும் மறையவிடாமல் கற்பிப்பது ஆசிரியர் கடமை.